லண்டனுக்குக் கடலூர்த் துணி, உலகத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் போன்



"தமிழ்நாட்டில் செய்த போன் அமெரிக்காவுக்குப் போகிறது" என்ற செய்தியை இந்த மாதம் ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். சந்தோஷம். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து 1,465 கோடி டாலருக்கு எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் வெளிநாட்டுக்குப் போயிருக்கின்றன. நாட்டின் மொத்த எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் இது 40 சதவீதத்துக்கு மேல். சின்ன விஷயம் இல்லை. ஆனால் "வரலாற்றில் முதல் முறையாக" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்புகிறீர்களே, அங்கேதான் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாருக்குக் கை பரபரக்கிறது. வெளிநாட்டு வியாபாரி மாதிரி காட்டி, முன்பணம் கொடுத்து, நம்ம ஊரில் மலிவாகச் செய்து வாங்கி, தன் ஊரில் நல்ல விலைக்கு விற்பது நமக்குப் புதிதே இல்லை. கடலூரில் அது 300 வருஷத்துக்கும் மேலான பழைய தொழில். பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. கெடிலம் கரையில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். அப்படிக் கம்பெனி கைக்குப் போன கிராமங்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். கடலூர்ப் பழைய பட்டணமும் அதில் அடக்கம். இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட விழித்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் அதற்குப் பிறகு யுத்தம்தான். 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம், கிளைவ் இங்கே இருந்தார், 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள் என்று போகும். கோட்டையை எதற்காக வாங்கினார்கள் என்று மட்டும் புத்தகம் நிறுத்திச் சொல்லாது. துணிக்காக வாங்கினார்கள். பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் என்று எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் அதற்காகத்தான். கடலூரிலிருந்து புவனகிரி, சிதம்பரம் வழியாகக் கொள்ளிடம் வரை அன்றைக்குத் தறிச் சத்தம் கேட்காத ஊர் குறைவு.

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் ஒரு பட்டியல் போடுவார்கள்: இத்தனை ஆயிரம் உருப்படி, இந்த நீளம், இந்த அகலம், இந்த நெருக்கம். நெருக்கத்துக்கு அளவு 'புஞ்சம்'. 120 இழை சேர்ந்தால் ஒரு புஞ்சம். புஞ்சம் கூடக் கூடத் துணி நயம், விலையும் ஏறும். பட்டியலோடு மாதிரித் துணியும் கப்பலில் வரும். கோட்டையில் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரி அதை உள்ளூர் வியாபாரியிடம் கொடுப்பான். வியாபாரி தரகர்களுக்கு, தரகர்கள் தலைமை நெசவாளிக்கு, அவர் தறிக்காரர்களுக்கு என்று முன்பணம் கைமாறிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் நெய்து முடித்த துணி அதே வழியில் திரும்பி வரும். கோட்டையில் மேஜை போட்டு மாதிரியோடு ஒப்பிட்டு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். தேறாததைக் 'கழிவு' என்று திருப்பிக் கொடுப்பார்கள். கழிவின் நஷ்டம் வியாபாரி தலையில் விழும், அவர் அதைத் தறிக்காரர் தலையில் இறக்கி வைப்பார்.

செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இந்தப் பத்தியை மறுபடி ஒருமுறை படியுங்கள். மாதிரி, ஆர்டர், கான்ட்ராக்டர், சப் கான்ட்ராக்டர், குவாலிட்டி செக்கிங், ரிஜெக்ட். பெயர்தான் மாறியிருக்கிறது. இன்றைக்கு அவுட்சோர்சிங் என்கிறோம்.

கம்பெனி இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நம்ம ஆட்களின் கைவேலை. துவைத்தாலும் போகாத சாயம் ஏற்றும் வித்தை ஐரோப்பாவில் அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இன்னொன்று, விலை. ஆங்கிலேய நெசவாளிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்குதான் இங்கே. இதை வைத்து "அப்போதும் நாம் பரதேசிக் கூலிதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்று ஆய்வாளர் 2001-ல் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் எழுதினார். காசாகப் பார்த்தால் கூலி குறைவு, ஆனால் இங்கே நெல் விளைச்சல் அதிகம், அரிசி மலிவு, அந்தக் கூலியில் நெசவாளியின் குடும்பம் இங்கிலாந்து நெசவாளியின் குடும்பத்துக்குக் குறையாமல் சாப்பிட்டது என்பது அவர் வாதம். இதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அவர் சொல்லும் இன்னொரு விஷயம். முன்பணம் வாங்கிய நெசவாளிக்கு ஒரு வழக்கமான உரிமை இருந்தது. வேறு ஒருவன் கூட விலை கொடுத்தால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை அவனுக்கு விற்கலாம். வியாபாரி அப்படிப் பேச்சிலிருந்து பின்வாங்க முடியாது. கெடுபிடி செய்தால் தறியைக் கழற்றிக்கொண்டு மொத்தத் தெருவும் வேறு பாளையத்துக்குக் கிளம்பிவிடும். அங்கே உள்ள தலைவன் வரியைக் குறைத்து வரவேற்பான். ஆங்கிலேயன், டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன், உள்நாட்டு வியாபாரி என்று வாங்க நாலு பேர் வாசலில் நின்ற காலம் அது.

இப்போது லண்டனுக்கு வாருங்கள். அங்கே ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் என்று ஒரு பகுதி. பட்டும் கம்பளியும் நெய்கிறவர்கள் குடியிருந்த இடம். நம்ம பூப்போட்ட பருத்தித் துணி இறங்க இறங்க அவர்கள் தறி ஓயத் தொடங்கியது. 1697-ல் கூட்டமாகப் போய் பாராளுமன்றத்தையும் கம்பெனியின் அலுவலகத்தையும் முற்றுகையிட்டார்கள். 1700-ல் அச்சடித்த, சாயம் போட்ட இந்தியத் துணியை இங்கிலாந்தில் விற்பதற்கு இறக்குமதி செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனி சளைக்கவில்லை, வெள்ளைத் துணியாகக் கொண்டுபோய் அங்கேயே அச்சடிக்கக் கொடுத்தது. 1719-ல் மறுபடி கலவரம். தெருவில் பருத்திச் சேலை மாதிரி பூப்போட்ட கவுன் போட்டுப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721-ல் பூப்போட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். 1774 வரை அந்தச் சட்டம் இருந்தது.

"மலிவுக் கூலி நாட்டுக்காரன் நம்ம வேலையைத் திருடுகிறான்" என்று அமெரிக்காவில் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிற பேச்சு இருக்கிறதே, அதை முதலில் வாங்கிக்கட்டிக்கொண்டவர்களில் நம்ம தென்னார்க்காட்டுத் தறிக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் விசேஷம். தான் நெய்த துணி எங்கே போகிறது, யார் உடுத்துகிறார், எதற்குப் பயன்படுகிறது என்பது எதுவும் நெய்தவனுக்குத் தெரியாது. இந்தக் கடற்கரையில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய துணிக்கு ஐரோப்பிய வியாபாரிகள் 'கினி துணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். எங்கோ ஒரு தெருவில் காலையில் தறியில் உட்கார்ந்த ஒரு மனிதன், தன் பிள்ளைகளின் சோற்றுக்காக நெய்த நீலத்துணி, இன்னொரு மனிதனின் விலையானது. அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்தில் எம்.ஏ. படிக்கும்போது இதைப் படித்துவிட்டு அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

பிறகு என்ன ஆயிற்று என்பது பாதி உங்களுக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வாங்க வந்த கம்பெனியே ஆள வந்த கம்பெனி ஆயிற்று. பிரெஞ்சுக்காரனும் டச்சுக்காரனும் ஒதுங்கிப்போனார்கள். வாசலில் நின்ற நாலு பேர் ஒரே ஆளாகச் சுருங்கிய பிறகு பேரம் எங்கே? நெசவாளி வீட்டு வாசலில் சேவகனைக் காவல் வைத்தார்கள். வேறு ஆளுக்கு நெய்தால் தண்டனை. கடற்கரை முழுக்க நெசவாளர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதே சமயம் இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1813-ல் கம்பெனியின் இந்திய வியாபார ஏகபோகம் போனது, 1833-ல் வியாபாரத்தையே விட்டுவிட்டு ஆட்சியை மட்டும் வைத்துக்கொண்டது. ஆர்டர் நின்றது. போதாததற்கு லங்காஷயர் மில் துணி நம்ம சந்தைக்கே வந்து இறங்கியது. மாதிரியும் அவர்களிடம், சந்தையும் அவர்களிடம், கப்பலும் அவர்களிடம். நம்மிடம் இருந்தது கை ஒன்றுதான். அந்தக் கைக்கு அவர்கள் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பரங்கிப்பேட்டையில் 1830-ல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு ஆலை வைத்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சேலத்துத் தாது, நம்ம காட்டு மரத்தின் கரி, நம்ம ஆள். இரும்பு பாளமாக ஷெஃபீல்டுக்குப் போகும், அங்கே உருக்காகி விலை பல மடங்கு ஏறும். 1860-களில் ஆலை முடிந்தது. காடு அழிந்தது மிச்சம்.

சரி, எலக்ட்ரானிக்ஸுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் ஃபேர்சைல்டு கம்பெனி 1963-ல் ஹாங்காங்கில் ஒரு தொழிற்சாலை வைத்தது. சில்லுகளை அமெரிக்காவில் செய்து, மெல்லிய கம்பி ஒட்டி மூடும் வேலையை மட்டும் அங்கே அனுப்பியது. விரல் நேர்த்தியும் பொறுமையும் வேண்டிய வேலை. கூலி அங்கே அமெரிக்காவில் ஒரு சிறு பங்கு. இதைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். தைவான் 1966-ல் காவோசியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி மண்டலம் திறந்தது. மலேசியாவின் பினாங்கில் 1972-ல் இன்டெல் வந்தது. எங்கு போனாலும் லைனில் உட்கார்ந்தவர்கள் கிராமத்திலிருந்து வந்த 18, 20 வயதுப் பெண்கள். பினாங்கில் நம்ம தமிழ்ப் பெண்களும் உண்டு.

அந்த நாட்களில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு சொந்தமாகச் செய்துகொண்டிருந்தோம். டயனோரா, சாலிடேர் என்று சென்னையில் செய்த டி.வி.க்கள் ஞாபகம் இருக்கிறதா? 1984-ல் இந்திரா காந்தி இறுதி ஊர்வலத்தை எங்கள் தெருவே ஒரு டயனோரா முன்னால் உட்கார்ந்து பார்த்தது. 90-களின் நடுவில் கொரியாக்காரர்கள் வந்தார்கள். 1997-ல் தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்குச் சுங்கவரியைப் படிப்படியாக நீக்கும் உலக உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்தது. நம்ம பழைய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவை தரத்தில் பிரமாதம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் டி.வி.யைத் தட்டினால்தான் படம் நிற்கும். ஆனால் அதைப் பிரித்து, எந்தப் பாகம் எதற்கு என்று தெரிந்த இன்ஜினியர்கள் இங்கே இருந்தார்கள்.

நோக்கியா 2005 ஏப்ரலில் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டு, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் 200 ஏக்கருக்கு மேற்பட்ட சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் என்று பாகம் செய்கிறவர்களும் பக்கத்திலேயே வந்தார்கள். உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் நேரடியாக எட்டாயிரம் பேர் அளவில் வேலை. அதில் பாதிக்கு மேல் பெண்கள். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேடி ஆள் எடுக்கிறவர்கள் கிராமம் கிராமமாக வந்தார்கள். 2007, 2008 பேட்ச்களில் என் வகுப்பில் இருந்த எத்தனையோ பெண்கள் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போனீர்கள். வீட்டில் முதல் சம்பளக்காரி மகள் என்பது நம்ம பக்கத்துக் கிராமங்களில் அதுவரை எங்கே இருந்தது? கூரை வீடு தளம் போட்டதை, தம்பி அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் சேர்ந்ததை, கல்யாணத்தை ஐந்து வருஷம் தள்ளிப்போட்டதை எல்லாம் நேரில் பார்த்தேன். இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் அந்த வேலை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நாம் யாரும் கேட்கவில்லை. 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போகும் நகரத்தில் இருந்த தன் தொழிற்சாலையை மூடுவதாக நோக்கியா அறிவித்தது. கூலி அதிகம் என்று காரணம் சொன்னது. சுமார் 2,300 பேர் வேலை. ஜெர்மானியர்கள் தெருவில் இறங்கினார்கள், அமைச்சர்களே நோக்கியா போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலை ருமேனியாவில் க்ளுஜ் நகரத்துப் பக்கம் போனது. ருமேனியாக்காரர்கள் நான்கு வருஷம்கூட முழுதாக அனுபவிக்கவில்லை; 2011-ல் அதையும் மூடினார்கள், வேலை ஆசியாவுக்கு என்றார்கள். 2012-ல் ஃபின்லாந்திலேயே, நோக்கியாவின் சொந்த நாட்டிலேயே, சாலோ ஊர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. போகும், க்ளுஜ், சாலோ: மூன்று ஊரும் அழுதபோது நம்ம பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் அழுதபோது கடலூர் சிரித்த மாதிரி.

நம்ம முறை வர அதிக நாள் ஆகவில்லை. ஸ்மார்ட்போன் வந்து நோக்கியா சரிந்தது. 2013-ல் வருமானவரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்த செப்டம்பரில் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. வரி வழக்கில் சொத்து முடங்கியதால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் கைமாற முடியவில்லை. விற்பனை 2014 ஏப்ரலில் முடிந்தபோது நம்ம ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கான்ட்ராக்ட்டில் போன் செய்து கொடுக்கும் இடமாக நின்றது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அதற்குள் பெரும்பாலானோர் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அந்த டிசம்பரில் மூடியது. வரி கேட்டது சரியா தப்பா என்று இன்றும் வாதாடுகிறார்கள். என் அபிப்பிராயம், வரி வழக்கு இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் அந்தப் போன் வியாபாரத்தையே பிறகு கைவிட்டுவிட்டது.

அந்த வருஷம் திரும்பி வந்த பெண்களில் சிலர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒரு பெண் ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) போனின் மேல்மூடியைப் பொருத்தும் இடத்தில் வேலை செய்தவள். "இப்ப என்னம்மா தெரியும் உனக்கு?" என்று கேட்டேன். "மூடி போடத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். கூட வந்தவள் அதே ஆறு வருஷத்தில் லைனிலிருந்து பழுது பார்க்கும் பகுதிக்குக் கேட்டு மாறிப் போனவள். அவள் இன்றைக்கு சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறாள். மேல வீதிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது மறுபடி அலை அடிக்கிறது. 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்துகிறது. பெகாட்ரான் மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்கு வந்தது, அதில் பெரும்பங்கை 2025-ல் டாடா வாங்கியது. சீனாவில் கூலி ஏறிவிட்டது, அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் ஒத்துப்போகவில்லை, அதனால் இங்கே. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடப்பட்டது, ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது. அந்த மறியல் இல்லாவிட்டால் விடுதியின் நிலைமை வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறந்திருக்கிறார்கள். அதே வருஷம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தறியைக் கழற்றிக்கொண்டு பக்கத்துப் பாளையத்துக்குப் போக இன்று வழியில்லை. இருக்கிற இடத்தில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

ஒரு போனில் யாருக்கு எவ்வளவு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று பேர் 2011-ல் கணக்குப் போட்டார்கள். 2010-ம் வருஷத்து ஐபோன். விற்கும் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 58 ரூபாய் 50 பைசா ஆப்பிளின் லாபம். சீனாவில் உட்கார்ந்து பொருத்திய அத்தனை தொழிலாளர்களின் கூலியும் சேர்த்து 1 ரூபாய் 80 பைசா. இன்றைக்குக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் 1,465 கோடி டாலர் என்று கை தட்டும்போது, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சில்லும் திரையும் கேமராவும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை என்பதை மனதில் வையுங்கள். நம்ம பங்கு, கோட்டை மேஜையில் வைத்த துணியில் தறிக்காரனின் பங்கு எவ்வளவோ அப்படித்தான்.

அப்படியானால் இந்த வேலையே வேண்டாமா? போன மாதம் 1998 பேட்ச் மாணவி ஒருவர் இதைத்தான் கேட்டார். மகள் பாலிடெக்னிக் முடித்திருக்கிறாள், கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா சார் என்று. அனுப்பம்மா என்றுதான் சொன்னேன். ஆனால் தைவான் கதையையும் சொன்னேன். அதை இங்கே எல்லாருக்கும் சொல்கிறேன்.

தைவானும் நம்மைப் போல மலிவுக் கூலி நாடாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி அங்கே டி.வி. பாகங்கள் செய்துவிட்டு, நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டு 1992-ல் போய்விட்டது. (கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நிலத்தடி நீர் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.) ஆனால் 1976-லேயே தைவான் அரசின் ஆராய்ச்சி நிறுவனம் அதே ஆர்.சி.ஏ.வோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, இளம் இன்ஜினியர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சில்லு செய்யும் வித்தையைக் கற்றுவரச் சொன்னது. அந்த ஆட்களிலிருந்து 1980-ல் ஒரு சில்லுக் கம்பெனி. 1987-ல் மோரிஸ் சாங் தலைமையில் டி.எஸ்.எம்.சி. இன்று உங்கள் கையில் இருக்கும் போனின் மூளை எந்த நாட்டுக் கம்பெனியின் வடிவமாக இருந்தாலும், அதைச் செய்து கொடுக்கப் பெரும்பாலும் அவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஃபாக்ஸ்கானே 1974-ல் டி.வி.யில் சேனல் திருப்பும் பிளாஸ்டிக் குமிழ் செய்த சின்ன பட்டறை. குமிழ் செய்தவர்கள் அதோடு நிற்கவில்லை. குமிழின் அச்சை யார் வெட்டுகிறான் என்று பார்த்து, அந்த அச்சை வெட்டவும் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

அதனால் அந்த மாணவியிடம் சொன்னது இதுதான். அனுப்பு. ஆனால் சேரும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல். சம்பளச் சீட்டில் கம்பெனி பெயர் இருக்குமா, கான்ட்ராக்டர் பெயரா? பி.எஃப். எண் தருவார்களா? லைனில் இருந்து டெஸ்டிங், மெயின்டனன்ஸ், டை, மோல்டு பகுதிக்கு மாற வழி உண்டா? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் வந்து மூன்றாவதுக்கு இல்லை என்றால், இரண்டு வருஷம் பணம் சேர்க்கும் இடம் அது என்று வைத்துக்கொள். அதற்குள் பகுதி நேரமாகவாவது மேலே படிக்கட்டும். கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டு டெல்லி வரை விசாரணை வந்ததே, அதையும் மனதில் வை. இருபத்தைந்து வயதில் வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்பதை இருபது வயதில் யோசிக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. பாகங்களையே இங்கே செய்ய வைப்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஒரு தனித் திட்டம் அறிவித்திருக்கிறது. நல்ல தொடக்கம். அதோடு நம்ம அண்ணாமலை நகர் இன்ஜினியரிங் கல்லூரி, முத்தையா பாலிடெக்னிக் மாதிரி இடங்களின் ஆய்வுக்கூடத்துக்கும் பணம் போக வேண்டும் என்பது என் ஆசை. 1945-லிருந்து இன்ஜினியர் உருவாக்கும் ஊர் இது. ஆள் எடுக்கும் வேன் வந்து நிற்கிற இடமாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு தகவல். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா விட்டுப்போன ஆலை ஐந்தாறு வருஷம் பூட்டிக் கிடந்தது. 2020-ல் அதில் மறுபடி விளக்கு எரிந்தது. வாங்கியது சால்காம்ப், சார்ஜர் செய்யும் கம்பெனி. முன்பு நோக்கியாவுக்கு, இப்போது ஆப்பிளுக்கு. 2012-ல் மூடினார்களே, அந்த ஃபின்லாந்து சாலோ ஊரைச் சேர்ந்த கம்பெனி அது. இன்று அதன் முதலாளி ஒரு சீன நிறுவனம். வேலை பார்ப்பது நம்ம பெண்கள். அங்கே இருக்கிற பழைய மாணவிகள் யாராவது இதைப் படித்தால், எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். குறிஞ்சிப்பாடியில் தாத்தா காலத்துக் கைலித் தறிக் கணக்கு நோட்டு வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். புஞ்சம் கணக்கு அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க ஆசை.